கறுப்புக் கண்ணாடிக் கூட்டம்

2003-இல் டென்னசிக் கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், அதுவரை எந்த நேரடிப் போக்கர் போட்டியிலும் உட்காராதவர், லாஸ் வேகாஸ் உலகத் தொடரின் பிரதான ஆட்டத்தை வென்று 25 லட்சம் டாலரை அள்ளினார். அந்த ஆண்டு வந்தவர்கள் 839 பேர், 2006-இல் 8,773. ஊரிலுள்ள கணக்கரெல்லாம் கிளம்பிவிட்டார்கள் போலும்!

நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கறுப்புக் கண்ணாடி தனி. சரி, கண்ணை மறைத்தாயிற்று. இரண்டு ஏஸ் வந்ததும் சில்லுகளைத் தள்ளும் கை நடுங்குகிறதே, அதற்கு எதை மாட்டுவது? எதிரே இருக்கும் பழம்பெருச்சாளி அந்தக் கையைத்தான் பார்க்கிறார். பேசாமல் சீட்டைப் போட்டுவிடுகிறார். முதல் நாளே வெளியேறியவரைக் கேளுங்கள்: ஆட்டம் அபாரமாம், கடைசிச் சீட்டுதான் காலை வாரிவிட்டதாம்.