சங்குமிக்கு அழுத அப்பாயி

என்னடா பேராண்டி, கொரியா போறதுக்குப் பாசைப் பரீட்சை எழுதப் போறியாமே. நல்லாருப்பே. ஆனா போற எடத்துல ஒரு விசயத்துல மட்டும் வாயைக் கட்டி வச்சுக்க. "உங்க சங்குமி டிவி நாடகத்துல முக்கால்வாசி கட்டுக்கதையாமே"னு அங்க எந்த மொதலாளிகிட்டயும் கேட்டுத் தொலைக்காத. இங்க உன் அப்பாயிகிட்ட கேட்டியே, அன்னைக்கு ராத்திரி ரொட்டிக்குச் சம்பல் வரல. உனக்கு வரலேன்னாப் பரவாயில்ல, எனக்கும்ல வரல.

நீ சொன்னது பொய்னு நான் சொல்லல. கொரியாவுல ஜுங்ஜோங் ராசா காலத்து அரண்மனைக் குறிப்புல அந்தப் பொம்பளை பேரு அங்கொண்ணு இங்கொண்ணுதான் வருதாம். ராசாவுக்கு வைத்தியம் பார்த்தவங்கிறது நெசம். அடுப்படியில சட்டி கழுவினது, சூழ்ச்சியில சிக்கினது, காதலிச்சது எல்லாம் எழுதுனவங்க கைச்சரக்கு. அந்தத் துளியூண்டு குறிப்பை இழுத்து கொரியாக்காரன் 54 பாக நாடகமா 2003லயும் 2004லயும் போட்டான். உச்சத்துல அவன் ஊருல டிவி வீட்டுல பாதிக்கு மேல அதைத்தான் பார்த்துச்சு. அப்புறம் சீனா, ஈரான்னு சுத்திட்டு 2012 வாக்குல நம்ம ரூபவாஹினிக்கு வந்து சேர்ந்துச்சு, 'சுஜாதா தியணி'ன்னு.

அங்கதான் கூத்தே. கொரியா ராசா சிங்களம் பேசுறாரு. அதுவரைக்கும் கச்சேரிக்கும் ஆசுபத்திரிக்கும் போனாத்தான் அப்பாயிக்குச் சிங்களம் வேணும். சங்குமிக்காக அம்புட்டையும் கத்துக்கிட்டா. தமிழ் பேசுற கெழவி, சிங்களம் பேசுற கொரியாக்காரிக்காக ஹட்டன்ல உக்காந்து அழுதா. இதை எந்த மந்திரி வந்து சாதிச்சான், சொல்லு?

அவ அழுதது ராசாவுக்கோ ராணிக்கோ இல்லடா. அந்த அரண்மனை அடுப்படியைக் கவனிச்சுப் பாத்தியா? மேல ஒருத்தி, அவளுக்குக் கீழ ஒருத்தி, அவளுக்கும் கீழ தண்ணி தூக்குற சிறுசுக. தொரை, சின்னத் தொரை, கணக்குப்பிள்ளை, கங்காணி, கடைசியில கூடையோட நம்ம ஆளு. அப்படியே நம்ம தேயிலைத் தோட்டந்தான்! ஹான்னு ஒரு சமையக்காரம்மா, வீண்பழி சுமத்தி நாடு கடத்துறப்ப, சங்குமி முதுகுலயே உசுரை விடுவா. அன்னைக்குப் பக்கத்துக் காம்பரா பொம்பளைகளும் இஸ்தோப்புல நின்னு மூக்கைச் சிந்துனாளுக. ரோட்டுக்கு லாரி வராத காலத்துல கம்பளியில சீக்காளியைக் கட்டித் தூக்கிட்டு ஓடுன சனம். அவளுககிட்டப் போயி சரித்திர ஆதாரம் கேக்குறான் இவன்.

வெளியூர்க்காரனுக்கு அழுறது லேசு. சொந்த ஊர்க்காரனுக்குத்தான் வயித்தெரிச்சல். துருக்கியில அவங்க சுல்தான் சுலைமான் கதையை 2011ல டிவியில போட ஆரம்பிச்சதுமே 70,000 முறைப்பாட்டுக்கு மேல போச்சாம். எங்க ராசாவை அந்தப்புரத்துலயே உக்கார வச்சுட்டான்னு சண்டை. அப்ப பிரதமரா இருந்த எர்டோகானே, அவரு முப்பது வருசம் குதிரை மேல இருந்தவருன்னு மேடையில சீறுனாரு. அரபு நாட்டுல என்னடான்னா, அதே கதையை அரபியில பேச விட்டு, சுல்தான் பொண்டாட்டி என்ன நகை போட்டிருக்கான்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க.

நம்ம மட்டும் என்ன? பொன்னர் சங்கர் கூத்து ஆடுறப்ப நீயே பாத்திருக்கேல்ல. விடிய விடிய ஆடுனவனை விட்டுட்டு, பாட்டுல ஒரு அடி மாறிப்போச்சுன்னு கீழ இருந்து நாலு பெருசுக எந்திரிச்சுக் கத்தும். அதுல ஒண்ணு நான்தான், வையி.

இப்ப நீ வேற, கொரியாவுல சம்பாரிச்சு நம்ம கதையை டிவி நாடகமா எடுப்பேங்கிற. எடுடா. அவனுக்குக் கெடச்சது துளியூண்டு குறிப்பு, நமக்கு இருநூறு வருசம் கெடக்கு. நம்ம சனம் இந்தியாவுல இருந்து வந்து தலைமன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுல நடந்தது ஒரு பாகம். அதே வழியில 2023ல மறுபடி நடந்தாங்களே, அது ஒரு பாகம். 1940ல முல்லோயாவுல தோட்டத் தொழிலாளி கோவிந்தனைச் சுட்டது, 1948ல நம்ம பிரசாவுரிமையைப் பிடுங்குனது, 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மளைத் தலைக்கணக்குப் பண்ணிப் பங்கு போட்டுக்கிட்டது. 54 பத்தாது.

கொரியாக்காரி அழுவா, சந்தேகமே வேணாம். ஈரான்காரனும் அழுவான். இங்கதான் பாரு வேடிக்கை. எங்க தோட்டத்தைக் காட்டலேன்னு ஒரு மனு. எங்க தலைவரை ஓரமா நிக்க வச்சுட்டான்னு ஒரு மனு. கவ்வாத்துக் கத்தியை அப்படிப் பிடிக்க மாட்டாங்கன்னு நான் ஒரு மனு. அம்புட்டையும் தாங்கிக்கலாம். கதைக்கு ஒரு வில்லன் வேணுமேன்னு பெரிய கங்காணியைப் பிடிச்சு, பேர் போடுறதுல திருடுனான், கடன்ல அமுக்குனான்னு எழுதுவே. எழுத வேண்டியதுதான். ஆனா உன் அப்பாயியோட தாத்தா பெரிய கங்காணிடா! வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு இன்னும் பெட்டியில வச்சிருக்கா.

அதனால அந்தப் பாகத்தை மட்டும் கொரியா போய்ச் சேர்ந்தப்புறம் எழுது. நான் இங்கதான் சாப்பிடணும்.