அகவிடுதி, புறவிடுதி: தீம் பார்க் தங்கலியல் குறித்து ஒரு சிற்றாய்வு

1. பாயிரம்

எந்த ஆராய்ச்சிக்கும் ஒரு தேவை வேண்டும் என்பார்கள். இந்த ஆராய்ச்சியின் தேவை என் மைத்துனர் உருவில் வந்தது. சென்னையில் தமிழ்ப் பேராசிரியர். ‘உம்’ என்னும் இடைச்சொல் பற்றி நானூறு பக்க ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கியவர். அந்த ஏட்டில் ‘உம்’ என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள முந்நூற்றுத் தொண்ணூறாம் பக்கம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

2019 கடைசியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் வசிக்கும் யாங்கோனுக்கு வருவதாக முடிவு செய்தார். வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஒன்பது பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை வந்து சேர்ந்தது. அறை வாடகை, வாசலுக்கும் படுக்கைக்கும் உள்ள தூரம், காலைச் சாப்பாடு சேர்த்தியா தனியா, ஜன்னலில் நின்றால் விலங்கு தெரியுமா என்று போயிற்று. அடியில் ஒரு குறிப்பு: “அத்தான், தீம் பார்க் போறவங்க உள்ளேயே தங்கணுமா, வெளியே தங்கணுமா? உலகம் பூரா இது பெரிய விவாதம். உங்க கருத்தைத் தரவோட சொல்லுங்க.”

தரவோடு சொல்கிறேன்.

2. ஆய்வுக் களம்

களம் மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரம். யாங்கோனின் மத்திய ரயில் நிலையம் இதன் தென்கோடியில். கன்டாஜி ஏரி வடக்கில். ஏரியை ஒட்டிச் சுமார் 70 ஏக்கரில் மிருகக்காட்சிசாலை. அதற்குள்ளேயே மீன் காட்சிசாலை, அருங்காட்சியகம், ராட்டினங்கள். புலியைப் பார்த்துப் பயந்த பிள்ளை பத்தடி நடந்து ராட்டினத்தில் ஏறி மறுபடி பயப்படலாம். தீம் பார்க் என்பதற்கு வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

ஆய்வாளர் களத்திலேயே, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருப்பவர். இது நடுநிலையைப் பாதிக்கும் என்பவர்கள் ஒருமுறை ஏறி வந்து சொல்லலாம்.

3. முன்னை வரலாறு

இந்த மிருகக்காட்சிசாலைக்குள் தங்கிய முதல் பிரமுகர் ஒரு யானை. காட்சிசாலையின் தொடக்கம் 1882. அப்போது அது இன்றைய யாங்கோன் பொது மருத்துவமனை நிற்கும் மனையில் இருந்தது. பிறகு 1901இல் கட்டத் தொடங்கி, 1906இல் இப்போதைய இடத்தில் விக்டோரியா மகாராணியின் நினைவாகத் திறந்தார்கள். ஆரம்ப நாட்களில் அங்கே பேர்போன ஜீவன் பர்மாவின் கடைசி மன்னர் தீபோவின் வெள்ளை யானை. மன்னரை 1885இல் பிரிட்டிஷார் மாண்டலேயிலிருந்து இறக்கி, சில மாதம் சென்னையில் வைத்து, பிறகு ரத்தினகிரிக்குக் கொண்டுபோனார்கள். 1916இல் அங்கேயே கண் மூடினார். ஆக, யானைக்கு அகவிடுதி, யானைக்கு உரியவருக்குப் புறவிடுதி. அகம் புறம் என்ற பாகுபாடு இம்மண்ணில் இப்படித்தான் வேர் பிடித்தது.

இதற்கு மறுதலையும் உண்டு. டெல்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் 1858இல் ரங்கூனுக்கு, அதாவது இதே யாங்கோனுக்கு, கொண்டுவரப்பட்டார். 1862இல் இங்கே இறந்தார். இந்த ஊர் ராஜாவை அந்த ஊரிலும் அந்த ஊர் ராஜாவை இந்த ஊரிலும் தங்கவைத்த நிர்வாகம் ஒன்றே. இருவருக்கும் வாடகை கிடையாது, செக்-அவுட்டும் கிடையாது.

அமெரிக்க மரபு பிற்பட்டது. 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது வால்ட் டிஸ்னியின் கையில் ஹோட்டலுக்குக் காசு மிச்சமில்லை. ஜாக் ராதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர்தான் கட்டிக்கொடுத்தார். சுற்றிலும் மோட்டல்கள் முளைத்தன. பூங்காவுக்கு வந்த கூட்டம் படுக்கைக் காசைப் பக்கத்து மனையில் கொட்டியது. பட்ட புத்தியில் அடுத்த பூங்காவுக்கு ஃபுளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டார்கள். அது 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோது ஹோட்டலும் உள்ளேயே இருந்தது. ஆகவே அகவிடுதி என்பது விருந்தாளி மேல் வைத்த அன்பில் பிறந்ததல்ல. பக்கத்து மனைக்காரன் மேல் வந்த வயிற்றெரிச்சலில் பிறந்தது.

4. நூற்பாவும் உரையும்

வகைப்பாடு இல்லாமல் ஆய்வு இல்லை. நூற்பா இல்லாமல் வகைப்பாடு இல்லை. எனவே:

உள்ளும் புறமும் உறவும் எனவாங்கு
முத்திறத் தாகும் தங்கிடம் என்ப.

இயற்றியவன் நான். உரையும் என்னுடையதே.

‘என்ப’ என்பதற்கு ‘பிறர் சொல்லுவர்’ என்று பொருள். இதைப் பிறர் எவரும் சொன்னதில்லை. ஆனாலும் ‘சொல்கிறேன்’ என்றால் மதிப்பு இல்லை, ‘சொல்லுவர்’ என்றால் உண்டு. இந்த நுட்பத்தைத் தொல்காப்பியர் முதல் இன்றைய கருத்தரங்க மலர்கள் வரை எல்லாரும் அறிவர் என்ப.

‘உள்ளும் புறமும்’ என்பதில் வந்தது எண்ணும்மை. ‘உறவும்’ என்பதிலும் அதுவே என்பார் மைத்துனர். அது பொருந்தாது. அங்கே இருப்பது இழிவு சிறப்பும்மை. ‘வேறு வழியில்லாவிட்டால் உறவும்’ என விரியும். இந்த ஓர் உம்மையைக் கொண்டு அவருடைய நானூறு பக்கத்தையும் நான் மறுத்துவிட்டதாகக் கருதுகிறேன்.

5. அகவிடுதி

வளாகத்துக்குள் அல்லது வளாகத்தாருக்குச் சொந்தமாய் இருப்பது. பெங்களூரு வண்டர்லா 2005இல் பூங்காவாய்த் திறந்து, 2012இல் அறைகளும் கட்டிக்கொண்டது. ஃபுளோரிடாவில் 2001இல் வந்த அனிமல் கிங்டம் லாட்ஜில் பால்கனிக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கி மேயும். மைத்துனரின் ‘விலங்கு தெரியுமா’ பத்தி அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அந்த வசதி ஒருவாறு உண்டு. விடியும் முன் காற்று வாக்கில் ஓர் உறுமல் கேட்கும். சிங்கம் என்பது என் கட்சி. எதிர்வீட்டு ஜெனரேட்டர் என்பது என் மனைவியின் கட்சி. மின்சாரம் வந்ததும் சிங்கம் அடங்கிவிடுகிறது என்ற உண்மையை இரு தரப்பும் தம் பக்கச் சான்றாகக் காட்டுகின்றன.

6. புறவிடுதி

வளாகத்துக்கு வெளியே இருப்பது. சிங்கப்பூரில் 2010இல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் திறந்த நாள் முதல் தமிழன் அது இருக்கும் செந்தோசாத் தீவு ஹோட்டல்களின் வாடகையை விசாரித்துவிட்டு சிராங்கூன் சாலையில் அறை எடுக்கிறான்; காரணம் இட்லி.

7. சில்லறை வகைகள்

மிதப்பது போன்ற விடுதி: கன்டாஜியில் 1970களில் கட்டிய கரவேயிக் மண்டபம், இரட்டைப் பறவை முகப்போடு அரச ஓடம் போலிருக்கும், சாப்பிடலாம், படுக்க முடியாது.

மர விடுதி: ஏரிக்கரையில் தேக்கில் எழுந்த பெரிய ஹோட்டல் 2017 அக்டோபரில் எரிந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்ததால் இதில் கேலிக்கு இடமில்லை.

ரயில் விடுதி: 1877இல் தொடங்கி, போரில் அழிந்து, 1954இல் மறுபடி எழுந்த மத்திய நிலையத்தின் பெஞ்சு, இலவசம், நிலையக் காவலர் எழுப்பும் வரை.

8. உறவுவிடுதி

உலகத் தங்கலியல் அறிஞர்கள் ஒருவரும் தொடாத வகை இது. விலைப்பட்டியலில் இல்லாததை ஆராய அவர்களுக்கு நிதி கிடைப்பதில்லை.

இப்பகுதிக்கு முதன்மை மூலம் என் அத்தை. 1964இல் கடைகளெல்லாம் அரசுடைமையாகி, எங்கள் குடும்பத்தில் பாதி சென்னைக்குக் கப்பலேறியபோது, “நான் வரலை” என்று கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டவர். இன்னும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் ஒரே இடத்தில் இத்தனை காலம் தங்கியிருப்பது தங்கலியலில் அரிய சான்று.

8.1 தூரம். மைத்துனரின் அட்டவணை தூரத்தை நிமிடத்தில் கேட்கிறது. அத்தையின் அளவை வேறு: “மிருகக்காட்சிசாலையா? ஒரு வெத்தலை தூரம்” (அத்தை, வாய்மொழி, வெற்றிலைச் செல்லத்தின் அருகில்). எந்த வெற்றிலை, புகையிலை சேர்த்ததா என்று மைத்துனர் போனில் விளக்கம் கேட்டார். மறுநாள் காலை அத்தை அதைத் திருத்தினார்: “ரெண்டு வெத்தலை” (மேற்படி, இரண்டாம் பதிப்பு, பல்செட் மாட்டுமுன்). பல்செட் இல்லாததால் சில மெய்யெழுத்துகள் பாடபேதமாய் உள்ளன. ‘ரெண்டு’ என்பதைச் ‘செண்டு’ என்று கொள்வாரும் உளர். நான் கொள்ளவில்லை.

8.2 பாய். வந்த முதல் மாலையே சின்னவன் கூடத்துப் பாயில் தூங்கிப் போனான். பாய் எத்தனை, தலையணை எத்தனை என்பது உறவுவிடுதியின் கொள்ளளவைக் காட்டாது. எங்களிடம் இருப்பது மூன்று பாய். படுத்தவர்கள் ஏழு பேர். “ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிப் படுத்தா பாய் வளரும்” என்பது கொள்கை (அத்தை, சமையலறை வாசல் உரை, முதல் நாள் மதியம், கையில் அரிவாள்மணை இருந்ததால் மறுப்புரை எழவில்லை).

8.3 கயிறு. இங்கே சற்று நிற்க வேண்டும்.

யாங்கோன் தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் மாடிக்கு மாடி கயிறு தொங்கும். எங்கள் பால்கனியிலிருந்தும் ஒன்று. நுனியில் கறுப்பு இரும்புக் கிளிப். மேல் முனை கம்பியில் கட்டி, அங்கே ஒரு சிறு மணி. கீழிருந்து யாராவது சுண்டினால் மணி அடிக்கும். காலையில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கிற அம்மா குரல் கொடுத்தால், கிளிப்பில் நோட்டைக் கவ்வவைத்து இறக்குவோம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பையில் குழம்பு ஒன்று, சேமியா ஒன்று, வெங்காயத்தாள் பொட்டலம் ஒன்று, சில்லறையோடு மேலே ஏறி வரும். பேப்பரும் அப்படியே, கரண்ட் பில்லும் அப்படியே. ஐந்து மாடிக்கு லிஃப்ட் இல்லாத குறையை இந்த ஊர் தீர்த்துக்கொண்ட விதம் இது. மனிதன் ஏறுவதில்லை, சாமான் மட்டும் ஏறும்.

மைத்துனரின் பிள்ளைகள் இதை முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். பெரியவள் மேலே, சின்னவன் கீழே. முதலில் ஒரு செருப்பு ஏறியது. பிறகு இரண்டாம் செருப்பு. பிறகு தெருநாய்க்குப் பிஸ்கட் இறங்கியது. ஒன்பது மணிக்கு என் கண்ணாடி இறங்கியது, நான் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே. பத்தரைக்குத்தான் அவர்களை மிருகக்காட்சிசாலைக்கு இழுத்துக்கொண்டு போக முடிந்தது. அங்கே யானையின் முன்னால் நின்று சின்னவன் கேட்டான்: “மாமா, இதைக் கிளிப்புல தூக்க முடியுமா?”

இக்கேள்விக்கு விடை தேடுவது பின்வரும் ஆய்வாளர்களின் கடன். ‘மேலும் ஆய்வுக்குரியது’ என்று முடிக்கும் வாய்ப்பு ஒரு கட்டுரைக்கு ஒருமுறைதான் வரும். நான் இங்கே பயன்படுத்திக்கொண்டேன்.

9. சட்டத் தடை

நூற்பாவில் மூன்றாம் வகைக்கு ஏன் இழிவு சிறப்பும்மை என்று இப்போது புலப்படும். வெளிநாட்டு விருந்தாளி உரிமம் பெற்ற ஹோட்டலில்தான் இராத் தங்க வேண்டும் என்பது இங்கே விதி. உள்நாட்டாருக்கே இது எளிதாய் இருந்ததில்லை. இரவு விருந்தாளியை வட்டார அலுவலகத்தில் பதியும் வழக்கம் 1907ஆம் ஆண்டுச் சட்டங்களில் வேர்விட்டது. 2012 சட்டம் அதைத் தக்கவைத்தது. 2016இல் நீக்கினார்கள். 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு பாயின் மேல் இத்தனை சட்டம் படுத்துக்கொண்டால் விருந்தாளி எங்கே படுப்பது?

ஆகவே மைத்துனர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு புறவிடுதியில் அறை போட்டார். அதன் காலைச் சாப்பாட்டை ஒருநாளும் சாப்பிடவில்லை. ஜன்னலைத் திறக்கவில்லை. மேலே சொன்ன ஏழு பேர் மூன்று பாய்க் கணக்கெல்லாம் மதியத் தூக்கத்தைச் சேர்ந்தது. இரவு ஒன்பதரைக்கு, பாயோடு ஒட்டிக்கிடக்கும் பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, ஆளுக்கு ஒன்றாய்த் தோளில் போட்டு, நானும் அவரும் ஐந்து மாடி இறங்கி டாக்ஸி பிடிப்போம். இரண்டாம் இரவு, மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, இருட்டில் பேராசிரியர் சொன்னார்: “அத்தான், கயித்துலயே இறக்கிடலாம் போல.” அவர் வாயிலிருந்து மேற்கோள் இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அது.

10. முடிபு

பூங்காவுக்குள் இருப்பது அகவிடுதி என்றோம். பிள்ளைகள் மூன்று நாளில் மிருகக்காட்சிசாலையில் இருந்தது நாலு மணி நேரம். கயிற்றருகே இருந்தது மற்ற நேரமெல்லாம். அப்படியானால் பூங்கா என் பால்கனி. அதை ஒட்டிய கூடம் அகவிடுதி. உறவுவிடுதி தனி வகை அன்று என்றாகிறது. என் நூற்பா இரண்டாம் அடியிலேயே விழுகிறது. ஓர் ஆய்வாளன் தன் கோட்பாட்டைத் தானே உடைத்துக்கொண்டது தமிழாய்வில் முதல்முறை என்ப.

ஊர் திரும்பிய மைத்துனர் திருத்திய அட்டவணையை அனுப்பினார். பத்தாவதாக ஒரு பத்தி: ‘கயிறு: உண்டு / இல்லை’. ஒப்பீட்டில் எங்கள் வீடே முதலிடம். வாடகைக் கட்டத்தில் மட்டும் ‘இலவசம்’ என்று போட்டிருந்தார்.

பெருமையோடு மனைவியிடம் காட்டினேன். ஒரு கையில் தோசைக் கரண்டியோடு படித்தாள். “இலவசமா? மூணு நாளும் நின்னுக்கிட்டே நூத்திப்பத்து தோசை சுட்டவ இந்த அட்டவணையில எந்தப் பத்தியில இருக்கா?” (வீட்டுக்காரி, அடுப்படி உரை, ஒரே பதிப்பு, பாடபேதம் இல்லை).

பதினோராம் பத்தி சேர்க்கச் சொல்லி மைத்துனருக்கு எழுதியிருக்கிறேன்.