முனுசாமியின் பேரர்

அவர் போனை நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கினால் டீ ஆறிப்போகும். திரையில் இருப்பது பேரன் பேத்தி இல்லை, கருங்கல்.

"பெரிசு பண்ணிப் பாரு தம்பி. இன்னா தெரியுது?"

கல் தெரிகிறது. கல்லின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் தெரிகின்றன. ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.

"இது 'மு'. அடுத்தது 'னு'. அப்பால மழை அரிச்சிடுச்சு. கடைசியில பாரு, 'மி'. முனுசாமி! எங்க தாத்தனுக்குத் தாத்தன். கோயில் விளக்குக்கு ஆடு குடுத்துக்கிறாரு."

திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் சுவர் அது. பல்லவர் காலம் தொட்டுக் கல்வெட்டு உள்ள கோயில். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். அவ்வளவு பழைய சுவரில் முனுசாமி எப்படி ஐயா வருவார் என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கட்டிய தச்சன் பெயர் ரவி என்று அதே கோயில் கல்வெட்டில் இருக்கிறதாம். இருக்கிறதுதான். "ரவி இருக்கசொல்ல முனுசாமி இருக்கக் கூடாதா?" என்றார். பதில் இல்லை.

பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள் என்ற தகவலை எந்தப் புண்ணியவானோ அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான். இப்போது எந்தக் கல்லையும் எப்படியும் படிக்கிறார். அந்த முறைப்படி படித்தால் என் மாமியார் பெயரும் அங்கே இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் அது. அங்கேயும் ஒரு முனுசாமி கிடைத்தார். எழுத்து டச்சு என்பது தடையே இல்லை. "வெள்ளைக்காரன் வாய்க்கு வந்த மாதிரி எய்திக்கிறான்."

இந்தக் காய்ச்சலைக் கிளப்பிவிட்டவர் ஒபாமா. 2011 மே மாதம் அவர் அயர்லாந்தில் மனிகால் என்ற சிற்றூருக்குப் போனார். அவருடைய தாய்வழி முன்னோர் ஒருவர், செருப்புத் தைப்பவரின் மகன், 1850இல் அந்த ஊரை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். பிறகு அந்த ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்குக்கே ஒபாமா பெயரை வைத்துவிட்டார்கள். நம்மவருக்கு முன்னோரைவிட அந்தப் பங்க்தான் மனதில் தைத்தது. "செஞ்சிப் பக்கம் ஒரு பங்குக்கு என் பேரு வெப்பான், பாத்துக்கினே இரு."

நம்ம யானைக்கவுனியே அயர்லாந்து வம்சத்தால் வந்ததுதான் என்றும் சொல்வார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படையோடு வந்து, கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து, கோட்டையை முற்றுகையிட்ட லாலியின் அப்பா அயர்லாந்துக்காரர். அந்த அடி வாங்கிய பிறகுதான் கும்பினியார் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்த மதில் வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. மதிலுக்காகப் போட நினைத்த வரிதான் வால்டாக்ஸ் ரோட்டின் பெயரில் நிற்கிறது. இவ்வளவையும் பிசகாமல் சொல்லிவிட்டு, "அந்தக் கவுனிக்குக் காவல் யாருன்ற?" என்பார். கேட்பானேன், முனுசாமிதான்.

பயணம் எப்போதும் தனியாகத்தான். ஞாயிறு விடியுமுன் எக்ஸ்எல் வண்டியில் தண்ணீர் கேனும் குரங்குக் குல்லாவுமாகக் கிளம்பிவிடுவார். பூர்வீகம் தேடுகிறவன் தனியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. வழியெல்லாம் முனுசாமி கதையைக் கேட்க யாரும் பின்னால் உட்காருவதில்லை என்பது அவர் வீட்டம்மா சொல்லும் காரணம்.

ஆள் மோசமில்லை. பழவேற்காட்டிலிருந்து எனக்கென்று இறால் கருவாடு பொட்டலம் கட்டி வந்தார். கல்லைத் தடவும்போது அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தை, அவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் காசிமேட்டில் அவருடைய அத்தை இருக்கிறார். எண்பதைத் தாண்டியும் நினைவு பிசகாதவர். குடும்பம் எப்படி வந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இவருடைய தாத்தா ஆட்டு வியாபாரத்தில் கடன்பட்டு, ராவோடு ராவாகத் திண்டிவனத்தில் ரயிலேறி ஓடி வந்தவர். இந்தப் பூர்வீகம் இவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் அத்தை வீட்டுப் பக்கமே போவதில்லை. அத்தையின் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது என் மனைவி. இவர் அன்றைக்குக் குடியம் குகையில் இருந்தார். பக்கத்து அதிரம்பாக்கத்துக் கல்லாயுதங்களுக்குப் பதினைந்து லட்சம் வருஷ வயதாம். கைக்கோடரியைப் பிடிக்கிற பிடி அப்படியே எங்கப்பா பிடி என்று அங்கிருந்து போன் செய்தார். அத்தைக்குக் கண் தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் என் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டார். விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தேன். ஞாயிறு சாயங்காலம் ஒரு கல்லின் படம் வந்து விழுந்தது. கூடவே குரல் பதிவு:

"தம்பி, உங்க ஆளு கெடைச்சிட்டாரு. எங்க முனுசாமிகிட்ட ஆடு வாங்கிக்கினு இன்னும் திருப்பிக் குடுக்கலைப்பா."