அறுநூறு குதிரை, அதே பழைய பிஸ்டன்

1989-இல் டாட்ஜ் பிக்கப்புக்குள் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தபோது அதன் திறன் 160 குதிரை. வைக்கோல் கட்டு இழுக்கும் அமெரிக்க விவசாயிக்கு அது தாராளம். அவர் மகனுக்குத்தான் போதவில்லை. பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ, பம்ப்பில் கொஞ்சம் கைவேலை: 600 குதிரை தயார். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மட்டும் கம்பெனி போட்டதே. அதில் பெருமை வேறு.

இனி அவை பிழைத்திருக்கச் சில பத்தியங்கள் உண்டு. ஹெட் போல்ட்டைக் கழற்றிவிட்டு வலுவான ஸ்டட் போட வேண்டும். இல்லாவிட்டால் பூஸ்ட் ஏறும்போது ஹெட்டே லேசாக எழும்பி கேஸ்கெட் ஊதிக்கொள்ளும். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கி மிதிக்கக் கூடாது, ராடு வளையும். புகைச்சூட்டு மீட்டர் 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் காலை எடுத்துவிட வேண்டும். பிஸ்டன் அலுமினியம், 660-இலேயே உருகும் சாமான். ஆக, 600 குதிரையையும் கொட்டிலில் கட்டி, புல் போட்டு, ஏறாமல் பார்த்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயுசு கெட்டி.

இவ்வளவுக்கும் நடுவே, டைமிங் கியர் உறையில் விரல்நுனி அளவு இரும்பு முளை ஒன்று அதிர்வில் கழன்று கியருக்குள் விழக் காத்திருக்கிறது. அதற்கு 160 குதிரையே போதும்.