ஸ்பீக்கர் கடையில் மெய்ப்பாடுகள்: ஓர் ஆய்வு

லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஸ்பீக்கர் வாங்கும் பொருட்டு, குளிரூட்டிய அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அமர்ந்து, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்கும் ஒருவரிடம் தோன்றும் மெய்ப்பாடுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ப்ளூடூத் ஸ்பீக்கர், கார் ஸ்பீக்கர், டீக்கடை ஸ்பீக்கர் ஆகியவை ஆய்வு எல்லைக்குள் வாரா. கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கரை மட்டும் விலக்கி வைக்க யாராலும் முடிந்ததில்லை என்பதால், அது ஓரிடத்தில் வரும்.

ஆய்வின் கருதுகோள் வருமாறு: ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் காதுக்கு உள்ள பங்கு, கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்கு உள்ள பங்கே. கூடவே இருப்பார், எதையும் அவரிடம் கேட்டு முடிவு செய்வதில்லை.

களம், சென்னையில் ஒரு கடையின் டெமோ அறை. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும் என்பது துறை வழக்கு. அந்த மூன்றாம் முனைக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். அதில் ஒருவருக்குத்தான் இடம். கூட வந்த மச்சான் முக்கோணத்துக்கு வெளியே, சுவரோரம், ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேட்பது ஏறக்குறைய பாதிப் பாட்டுதான். எனினும் தீர்ப்பு அவரிடமிருந்தே முதலில் வரும்: “பாஸ் செமையா இருக்கு மாமா!”

போடப்படும் பாட்டு பெரும்பாலும் ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’, 1994இல் மேடையில் பதிவான வடிவம். கிட்டார் கொஞ்சம் போகும், பிறகு கனத்த டிரம் அடி ஒன்று விழும், அடிவயிறு அதிரும். மிக நல்ல பதிவு அது. சுமாரான ஸ்பீக்கரிலும் நன்றாகவே கேட்கும் என்பது கடைக்காரர்கள் வெளியே சொல்லாத அதன் இரண்டாவது சிறப்பு. வாடிக்கையாளர் துணிந்து, தாம் வீட்டில் அன்றாடம் கேட்கும் எழுபதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டால், விற்பனையாளரின் முகம் லேசாக வாடும். பாட்டு முடிந்ததும், “அது ரெக்கார்டிங்கே அப்படித்தான் சார்” என்பார். பாதி உண்மைதான். ஆனால் வீட்டில் ஒலிக்கப்போவது அந்த ரெக்கார்டிங்தானே.

இனி மெய்ப்பாடுகள். தொல்காப்பியர் சொன்ன எட்டில் பெரும்பாலானவற்றை இக்களத்தில் ஒரே பிற்பகலில் காணலாம். டிரம் அடியில் தோன்றுவது மருட்கை. மூடிய கண்களில் ஒன்று மட்டும் திறந்து விலை அட்டையைப் பார்க்கும் கணத்தில் அச்சம். “ரெண்டுக்கும் நடுவுல மிட்ல ஒரு வித்தியாசம் இருக்கு பாருங்க” என்று விற்பனையாளர் சொல்ல, நமக்கு எதுவும் கேட்காமல் தலையை மட்டும் ஆட்டுவது இளிவரல். தலையாட்டிய சற்று நேரத்தில் அது உண்மையாகவே கேட்கத் தொடங்கி விடுகிறது, அது பெருமிதம். அழுகை, மாதத் தவணை தொடங்கிய பின் நிகழ்வதாகலின் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

இவை அனைத்தையும் இயக்குவது சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னக் குமிழ். குறைந்த ஒலியில் மனிதக் காதுக்கு பாஸ் சரியாக எட்டாது. சத்தம் கூடக்கூட பாஸ் தானாக எழுந்து வரும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை வரைபடமாகப் போட்டு வைத்தார்கள். ஆகவே ஒரே ஸ்பீக்கரை ஒரு டெசிபெல் கூட்டி மறுபடி போட்டால், “சத்தம் கூடிருச்சு” என்று யாரும் சொல்வதில்லை. “இது இன்னும் தெளிவா இருக்கு” என்பார்கள். இதற்கு யாரும் ஏமாற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபெல் தரும், இன்னொன்று 91 தரும். குமிழைத் தொடாமல் மாற்றினாலே, இரண்டாவதற்கு நான்கு மடங்கு மின்சக்தி கொடுத்தது போல் ஆகிவிடும். இக்கணக்கின்படி, நூறு டெசிபெலை அலட்சியமாகத் தாண்டும் ஆடி மாதத்துக் குழாய் ஸ்பீக்கர் எந்த டெமோவிலும் முதல் பரிசு வாங்கும். சோபா வேண்டாம், முக்கோணம் வேண்டாம், மூன்று தெரு தள்ளியும் ஸ்வீட் ஸ்பாட்தான்.

முன்னோர் இதைவிடத் துணிச்சலாகவே நடந்துகொண்டார்கள். 1915 முதல் எடிசன் நிறுவனம் அமெரிக்க ஊர்களில் மேடை போட்டு, பாடகியையும் இசைத்தட்டுக் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, விளக்கை அணைத்து, பாடுவது எது என்று கூட்டத்தைக் கேட்டது. கூட்டம் திணறியது. அந்த மேடைகளில் பாடிய ஆனா கேஸ், கருவியின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை மாற்றிக்கொண்டு பாடியதாகப் பின்னாளில் சொன்னார். கருவி மனிதரைப் போலப் பாடியது என்று ஊர் வியந்த நாளில், மனிதர்தான் கருவியைப் போலப் பாடியிருக்கிறார்.

கருதுகோளுக்கு வலுவான சான்று 1994இல் கிடைத்தது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்து, நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறையும் திரையை விலக்கி ஒருமுறையும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான ஸ்பீக்கர், திரை விலகியதும் சரிந்தது. ஒலி அதேதான், உருவம் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கர் செய்து விற்கும் நிறுவனத்தின் ஆட்களுக்கே இந்தக் கதி.

இம்முறையை நம் கடையிலும் பின்பற்றலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. ஸ்பீக்கருக்கு முன் மெல்லிய வேட்டி ஒன்றைக் கட்டி, சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் போடும்படி கேட்டபோது, விற்பனையாளர் வெகுளி, நகை இரண்டுக்கும் நடுவில் நின்று, “நீங்க காபி சாப்பிடுறீங்களா சார்?” என்றார்.

கேபிள் பற்றிய அதிகாரம், நட்புகளைக் காக்கும் பொருட்டு நீக்கப்பட்டது.

எஞ்சியது அறை. கடையின் டெமோ அறையில் தரை முழுக்கக் கம்பளம், சுவரில் பஞ்சு பொதிந்த பலகைகள். வீட்டிலோ மொசைக் தரையும் பத்தடி அகலமும்தான். ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே பத்தடி இருந்தால், ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே முட்டி முட்டித் தேங்கும். பாஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். எனவே அக்கம்பி மீட்டப்படும் போதெல்லாம் ஸ்பீக்கரோடு சேர்ந்து இரும்பு பீரோவின் கைப்பிடியும் பாடுகிறது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தால் ஓரளவு குறையும். அங்கே துணி காயப்போடும் ஸ்டாண்ட் நிற்கிறது. ட்ரெபிளின் எதிரொலியை உறிஞ்சக்கூடிய பட்டுப்புடவைகள் வீட்டில் போதிய அளவு இருப்பதும், அவை அத்தனையும் அதே பீரோவுக்குள் பூட்டப்பட்டிருப்பதும் களப்பணியில் தெரியவந்தது. கதவைத் திறந்து வைத்துக் கேட்டுப் பார்க்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.