இது நீங்கள்தானா?

"உங்கள் கணக்கில் புதிய சாதனம் ஒன்று நுழைந்திருக்கிறது. இது நீங்கள்தானா?" என்று ஜிமெயில் கேட்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் இதற்கு நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். கணக்கை ஆரம்பித்ததே நாம் இல்லையே. மகனுக்கு டிஎன்பிஎஸ்சி, மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம், அப்பாவுக்கு முதியோர் பென்ஷன் என்று நெட் சென்டர் வாசலில் போய் நின்றோம். "மெயில் ஐடி இருக்காண்ணே?" என்றான் தம்பி. முழித்தோம். அவனே உண்டாக்கிக் கொடுத்தான். பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தால் ஐடி. பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்தால் பாஸ்வேர்டு. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அதே பாஸ்வேர்டுச் சூத்திரம். லாக்-அவுட் செய்தானா என்பது அவனுக்கே ஞாபகம் இருக்காது. ஆகவே 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் மூத்த குடிமகன் கடைக் கம்ப்யூட்டர்தான். பிறகு ஒரு நாள் தவணையில் போன் வாங்கி உள்ளே வரும் சொந்தக்காரர்தான் கூகுளின் கண்ணுக்குச் சந்தேகப் பேர்வழி.

அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு மனசில்லை. எல்லாம் ஆன்லைனில் என்று சொல்லி ஆபீஸ் சன்னலைச் சாத்தியபோது, நரிக்குடிக்காரருக்கும் காரியாபட்டிக்காரருக்கும் கிடைத்த ஒரே குமாஸ்தா அவன்தான். சம்பளம் வாங்காத அரசு ஊழியன் என்றே சொல்லலாம்.

சரி, பட்டியலைத் திறந்து பார்த்து விழிப்புணர்வோடு இருப்போம் என்று ஒருவர் கிளம்புகிறார் என்று வையுங்கள். திருச்சுழியில் உட்கார்ந்து திறந்த போனுக்கு நேராகச் சென்னை என்று போட்டிருக்கும். போன் கம்பெனியின் இணைப்பு எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ, அதையே அது நம் ஊர் என்று எழுதிக்கொள்ளும். போனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சில மாடல்களுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு குறி. 'தெரியாத சாதனத்தை வெளியேற்றுங்கள்' என்ற புத்திமதியை அப்படியே கேட்டால், முதலில் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படுவது மடியில் இருக்கும் சொந்த போன்தான். உள்ளே இருக்கும் திருடனுக்கோ மதுரை என்று நல்ல பக்கத்து ஊர் விலாசம் விழுந்திருக்கும்.

ஓடிபி இருக்கிறதே என்பார்கள். மழை பொய்த்த வருஷம் ரீசார்ஜும் பொய்க்கும். முடங்கிய எண்ணை 90 நாள் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதன்பின் அந்த எண்ணை நம்பிய வங்கிக் கணக்கு, மெயில், கேஸ் மானியம் எல்லாவற்றின் சாவியும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு மரியாதையாகப் போய்ச் சேரும். இதில் எந்த ஹேக்கருக்கும் வேலையே இல்லை.

போகட்டும், இது ஏழைகளின் அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். அறிந்தவர்களின் லட்சணத்தை 2020-ல் பார்த்தோம். பிரதமரின் கிசான் திட்டத்தில் நிலம் உள்ள விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் கணக்கைத் தட்டிப் பார்த்தால், சுமார் ஐந்தரை லட்சம் பேர் ஏர் பிடிக்காமலே விவசாயி ஆகியிருந்தார்கள். 13 மாவட்டங்கள், 110 கோடி ரூபாய். எப்படி நடந்தது? வேளாண்மைத் துறை அதிகாரிகளின் ஐடியும் பாஸ்வேர்டும் தரகர் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டர் கைக்கும் போயிருந்தன. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஏழைகளிடம் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வாங்கினார்கள். அதிகாரியின் பெயரில் நுழைந்தார்கள். அதிகாரியின் பெயரிலேயே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டார்கள்.

லட்சக்கணக்கான முறை ஒரு கதவு திறந்து மூடியிருக்கிறது. சர்க்கார் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட "ஐயா, இது நீங்கள்தானா?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. மரியாதை தெரிந்த கம்ப்யூட்டர். விஷயம் வெளியே வந்ததும் 80 ஒப்பந்த ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 34 பேரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். 18 பேரைக் கைது செய்தார்கள். பணத்தை எங்கே போய்த் திரும்பப் பிடித்தார்கள் தெரியுமா? கொரோனா நிவாரணம் என்று நம்பிய அந்த ஏழைகளின் வங்கிக் கணக்குகளில்.

சரி, இந்தக் கூத்துக்குப் பிறகு பூட்டு எந்தக் கதவில் தொங்குகிறது? இங்கே, திருச்சுழி மானாவாரியில். குதிரைவாலியும் சோளமும் விதைத்து வானத்தைப் பார்க்கிறவர், 2,000 ரூபாய் தவணைக்குத் தான் தானேதான் என்று நிரூபிக்க வேண்டும். ஆதாரில் போன் எண் சேர்த்திருக்கிறதா, வங்கியோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா, இ-கேஒய்சி முடித்தாயிற்றா? சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத் தேய்ந்த கட்டை விரல் மிஷினில் விழாது. துடைத்துவிட்டு வை, அழுத்தி வை, அடுத்த விரலை வை என்பார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், அவரை எழுப்பிக் கூட்டிவராத குறை. இவருடைய வாட்ஸ்அப்பில் அதே கிசான் திட்டத்தின் பெயரில் ஒரு ஏபிகே ஃபைல் வந்து விழும். தொட்டால் போன் வேறொருவருடையது. ஏன் தொட்டார்? அரசாங்கம் அனுப்பும் மெசேஜும் திருடன் அனுப்பும் மெசேஜும் ஒரே மாதிரி 'உடனே செய்யாவிட்டால் பணம் நின்றுவிடும்' என்று மிரட்டுவதால்தான் தொட்டார்.

மேலே போகப் போகக் கதவே கிடையாது. 2023 ஜூனில் கோவின் தளத்தின் தடுப்பூசி விவரங்களை டெலிகிராமில் ஒரு தானியங்கி பாட் எடுத்துப் போட்டது. ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது மத்திய அரசு. அதே மாதம் பீகாரில் ஒருவரைக் கைது செய்தது போலீஸ். நடக்காத குற்றத்துக்கும் குற்றவாளி கிடைக்கிற நாடு இது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றக் குழு 29 போன்களைப் பார்த்து, ஐந்தில் கெட்ட மென்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தான் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை என்றது. விசாரணைக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்பதும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. பெகாசஸை வாங்கினீர்களா, இல்லையா என்ற கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை. கட்டை விரலை அழுத்தி வை என்று இவர்களிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

கடைசியாக 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் விவரத்தைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். கேட்கவே வயிறு குளிர்கிறது. அந்த 250 கோடி மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும். பறிகொடுத்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. பறிகொடுத்தவர் நஷ்ட ஈடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு எழுதியிருந்தார்கள். அதையும் எடுத்துவிட இதே சட்டம் வழிசெய்திருக்கிறது. குடிமகனை அடியோடு மறந்துவிட்டார்களா என்றால், இல்லை. அவருக்கென்று தனியாகக் கடமைகள் எழுதியிருக்கிறார்கள். பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கிசான் பணத்தில் அது ஐந்து தவணை. ஒரு வருஷம் எட்டு மாசம், வந்தால்.