கொக்கி நிபுணர்

கொக்கி நிபுணர் எனப்படுபவர், டிராக்டரும் டிரெய்லரும் சேரும் ஒரு சாண் இடத்தைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காத மனிதர். காவிரிப் படுகை முழுக்க உண்டு; கூத்தாநல்லூர், லெட்சுமாங்குடி, வடபாதிமங்கலம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒருவர் மேல்தான் விழ வேண்டியிருக்கும். இவருக்குச் சொந்தமாக டிராக்டர் கிடையாது. டிரெய்லரும் கிடையாது. இரண்டும் இல்லாததால்தான் இரண்டைப் பற்றியும் நடுநிலையோடு பேச முடிகிறது என்பது அவர் கட்சி.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கைலியை மடித்துக் கட்டியிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இன்ச் டேப் இருக்கும். அதை வெளியே இழுத்து யாரும் பார்த்ததில்லை. வெல்டிங் பட்டறை வாசல் பெஞ்சு அவருடைய அலுவலகம். எதிரே இருக்கும் டீக்கடை கிளை அலுவலகம்.

எல்லாப் பருவத்திலும் இவருக்கு வேலை இருக்காது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வெண்ணாற்றுக்கு வந்து, குறுவைக்குச் சேறடிக்கும் நாட்களில் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் இருக்காது, ரோட்டவேட்டர்தான் இருக்கும். அதை மாட்டுவது மூன்று முனைகளில்: கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க். கீழ்க்கைப் பின் 22 மி.மீ. என்றால் முதல் வகை, 28 மி.மீ. என்றால் இரண்டாம் வகை. பெரிய பின் சின்னத் துளைக்குள் நுழையாது, சின்னப் பின் பெரிய துளைக்குள் ஆடும். இதில் அபிப்பிராயம் சொல்ல ஒன்றுமில்லை. அபிப்பிராயத்துக்கு வழியில்லாத இடத்தில் நிபுணர் நிற்பதில்லை.

இந்த மூன்று முனை இணைப்பை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன்; காப்புரிமை 1926-ஐச் சேர்ந்தது. படுகையில் எல்லோரும் ‘மாஸி’ என்று பாதிப் பெயரால் கூப்பிடும் மாஸி பெர்குசன் வண்டியின் மிச்சப் பாதி அவர்தான். 1938-ல் அவரும் ஹென்றி போர்டும் கையெழுத்தில்லாமல் கைகுலுக்கியே கூட்டுச் சேர்ந்தார்கள். அது கோர்ட் வரை போய், 1952-ல் 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. கொக்கி விஷயத்தில் வாய்வார்த்தை உத்தரவாதம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனாலும் நிபுணர் இன்றுவரை எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

அவருக்குக் களை கட்டுவது தை, மாசியில். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் புறப்படும். பட்டறை வாசலில் ஒரு டிராக்டர் வேகம் குறைத்தால் போதும், பெஞ்சு காலியாகிவிடும்.

பரிசோதனை எப்போதும் உயரத்தில் தொடங்கும். டிராக்டர் பக்கத்துக் கொக்கியும் டிரெய்லர் பக்கத்து வளையமும் ஒரே மட்டத்தில் இருந்து, டிரெய்லரின் தளம் சமமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் பாரம் பின்னால் சரியும், குத்தி நின்றால் முன்னால் இறங்கும். இதற்காகவே பல டிராக்டர்களில் வரிசையாகத் துளையிட்ட சட்டம் ஒன்று இருக்கும். கொக்கியை வேண்டிய துளைக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். நிபுணர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, "ஒரு துளை எறக்கு" என்பார். அடுத்து வரும் வண்டிக்கு "ஒரு துளை ஏத்து". இந்த ஆலோசனையால் இதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து கழற்றாத போல்ட் துருவேறி இறுகிக் கிடப்பதால் யாராலும் அதை நிறைவேற்ற முடிந்ததில்லை.

இரண்டாவது, கொக்கியையும் வளையத்தையும் கோக்கும் பின். இங்கேதான் அவருடைய மேதைமை முழுசாக வெளிப்படும்.

"ஏந்தம்பி, இந்தப் பின்ன எங்க வாங்குன?"

"கடையிலதாண்ணே."

"அதானே பாத்தேன்."

இதற்கு மேல் அவர் விளக்கம் சொல்ல மாட்டார். கேட்டவர் கலங்கிப் போய் நிற்கும்போது, லாரி ஆக்ஸில் ராடை அறுத்து, லேத்தில் கடைந்து, தலையில் ஒரு வாஷரை வெல்டிங் வைத்துப் போடச் சொல்வார். "யானையக் கட்டி இழு, அசையாது." ஆக்ஸில் ராடு உறுதியான இரும்புதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதிரிக் கெட்டி இரும்பைச் சூடேற்றிப் பக்குவம் செய்யாமல் வெல்டிங் வைத்தால், வைத்த இடத்தை ஒட்டி விரிசல் விடும். சாதாரண இரும்பு வளைந்து காட்டி எச்சரிக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் போகும். பட்டறைக்காரருக்கு இது தெரியும். தெரிந்தும் பேசமாட்டார். கூலி வருகிற நேரத்தில் உலோகவியல் எதற்கு?

பின்னின் தடிமனைப் பற்றி அரை மணி நேரம் பேசும் நிபுணர், பின் மேலே எழும்பி வராமல் அடியில் செருகும் பூட்டுக் கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அது சில ரூபாய் சமாசாரம், அவர் தகுதிக்குப் பொருந்தாது. எனவே அந்த இடத்தில் கட்டுக்கம்பி, சைக்கிள் போக்ஸ், ரப்பர் செருப்பின் வார், ஒருமுறை வேப்பங்குச்சி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பணியாற்றியிருக்கின்றன. பின் அறுந்தாலும் டிரெய்லர் தனியே ஓடாமல் பிடித்து வைக்கும் பாதுகாப்புச் சங்கிலியின் கதையும் அதேதான். வாங்கிய வாரமே அது மாட்டுக் கொட்டகைக்கு மாற்றலாகிவிடும்.

மூன்றாவது, ஆட்டம். வளையத்தின் துளைக்கும் பின்னுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். வண்டி திரும்பவும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும் அது அவசியம். எவ்வளவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. கட்டைவிரல் நுழைந்தால் சரி என்பது இவர் இலக்கணம். அந்த இலக்கணப்படி பூட்டிய வண்டி ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘லொடக்’ என்று ஓர் அடி வாங்கும். மன்னார்குடி சாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஆளைப் பார்க்காமலே இது யார் வைத்தியம் என்று சொல்லிவிடலாம்.

நிபுணருக்குக் கூத்தாநல்லூரில் ஒரே ஒரு போட்டி உண்டு. இந்த ஊரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது சபர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போனவர். அப்படிக் குவைத்தில் பலசரக்குக் கடை நடத்திவிட்டு விடுமுறையில் வந்திருக்கும் சபராளி, கடற்கரைக்குப் படகு இழுத்துப் போகும் கார்களை அங்கே பார்த்திருக்கிறார். அவர் பேசுவது உருண்டைக் கொக்கி. காரின் பின்னால் இரும்பு உருண்டை, டிரெய்லரின் மூக்கில் அதைக் கவ்வும் கிண்ணம். ஐரோப்பாவில் உருண்டையின் அளவு 50 மி.மீ.; அமெரிக்காவில் பரவலாக இருப்பது 2 அங்குலம், அதாவது 50.8. "அந்த 0.8 மி.மீ. வித்தியாசத்துக்கே ஒன்னுக்கு ஒன்னு சேராதுங்க" என்று அவர் சொல்லும்போது, கட்டைவிரல் நுழையும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே நிபுணர் கேட்பார்: "பாய், அந்த உருண்டையில நூறு மூட்டை நெல்லு இழுப்பாங்களா?" சபராளியிடம் பதில் இருக்காது. கடைப் பெஞ்சு நிபுணர் பக்கம் சாயும்.

இதுவரை சொன்னதை வைத்து அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. ஒரு விஷயம் அவருக்கு நிஜமாகவே தெரியும்: முன்பாரம். அவருடைய அப்பா கொரடாச்சேரி ரயிலடிக்கு மாட்டுவண்டியில் நெல் ஏற்றிப் போனவராக இருப்பார். வண்டியில் பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலெழும்பி பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மூட்டை அடுக்கி முடித்ததும் வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். மாட்டின் கழுத்துக்குப் பதில் டிராக்டரின் கொக்கி. அமெரிக்காவில் கார் டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்று புத்தகத்தில் போடுகிறார்கள். நமது டிரெய்லருக்கு அதைக் கொண்டுவந்து பொருத்தினால், கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, நூறு சிப்பம் 4 டன், அதில் பத்துச் சிப்பத்தின் எடையாவது கொக்கியில் உட்கார வேண்டும். (விவசாயி சொல்லும் ‘நூறு மூட்டை’ 60 கிலோ கணக்கு, அது 6 டன். எந்த மூட்டை என்று கேட்காமல் கொக்கி வாங்கியவர்கள் உண்டு.)

அரை லோடு ஏற்றும் நாளில் இறக்குவதற்கு வசதி என்று மூட்டைகளை எல்லாம் பின்பக்கமே அடுக்கிவிடுவார்கள். அப்போது டிரெய்லரின் மூக்கு எழும்பும். அது கொக்கியை மேலே தூக்க, பின் குலுங்கிக் குலுங்கி ஏற, அடியில் கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது செருப்பு வார். மிச்சத்தைச் சாலையில் பார்க்கலாம். நிபுணருக்கு இது துல்லியமாகத் தெரியும். தெரிந்ததை டீ வந்த பிறகு, கிளாஸைக் கையில் வாங்கியபடி, "பாரத்தக் கொஞ்சம் முன்ன தள்ளுங்கப்பா" என்று முணுமுணுப்பார். பின்னைப் பற்றி முழங்கிய அந்தக் குரல் இதற்கு வராது. யாரும் கேட்பதில்லை.

டிராக்டர் சேற்றில் புதைந்தால் நிபுணர் தளபதியாகிவிடுவார். வரப்பில் நின்றபடி, இழுக்க வந்த இரண்டாவது டிராக்டருக்குச் சங்கிலியை டாப் லிங்க்கில் மாட்டச் சொல்வார். உயரத்தில் பிடித்தால் தூக்கிவிடும் என்பது அவர் நியாயம். தூக்கும்தான், ஆனால் இழுக்கிற வண்டியின் முன்சக்கரத்தை. பின்னச்சுக்கு மேலே பிடித்து இழுத்தால் டிராக்டர் பின்னங்காலில் எழுந்து டிரைவர் மேலேயே மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கலாமா என்று அந்த டிரைவர் யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சங்கிலிக்கு உரிய இடம் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கொக்கி. அனுபவமுள்ள டிரைவர் "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே அதில்தான் மாட்டுவார். வண்டி வெளியே வந்ததும் வெற்றி நிபுணர் கணக்கில் சேரும்.

சட்டம் அவருக்குப் பிடிக்காத பாடம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. அதோடு இழுத்துப் போகும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறைக்கு வரும் டிரெய்லர்களில் சிலவற்றின் முதுகில், இரண்டு கை மாறி எப்போதோ போய்விட்ட டிராக்டரின் எண் இன்னும் பெயிண்ட் உதிராமல் இருக்கிறது. இதைப் பற்றிக் கேட்டால், "அது போர்டு எழுதுறவன் வேல" என்று இன்ச் டேப்பைத் தடவிக்கொள்வார்.

இத்தனைக்கும் அவர் காசு வாங்குவதில்லை. ஒரு டீ, கூட ஒரு சமோசா. அதற்கு மேல், தாம் கழித்துக் கட்டிய பழைய பின்னை "சும்மாதானே கெடக்குது" என்று கைலி மடிப்பில் எடுத்துப் போவார். அவர் வீட்டுக் கொல்லையில் ஆடு கட்ட அறைந்திருக்கும் முளைகள் அத்தனையும் அப்படி வந்து சேர்ந்தவை. எதுவும் இன்றுவரை வளைந்ததில்லை.